சன்னாசி மாமா நேர்ந்துவிட்ட தலை

எங்கள் சன்னாசி மாமா போகும்போது முருகனுக்கு ஒரு தலையைப் பாக்கி வைத்துவிட்டுப் போனார். யாருடைய தலை என்று சொல்லாமல் போனதுதான் வினை.

பயந்துவிடாதீர்கள் கண்ணுகளா. வெட்டுகிற தலை இல்லை, மழிக்கிற தலை. மொட்டை. ஆனால் அதற்காக எங்கள் வீட்டில் நடந்த ரகளையைப் பார்த்திருந்தால், வெட்டுகிற தலையாக இருந்திருந்தால்கூட விவகாரம் இதைவிடச் சீக்கிரம் முடிந்திருக்கும் என்று நீங்களே சொல்வீர்கள்.

மாமா என் அம்மாவின் கடைசித் தம்பி. காம்பார் பக்கம் ஏழாங்கட்டைத் தோட்டத்தில் பால் ஸ்டோரில் வேலை. மரம் வெட்டிப் பால் எடுக்கிறவர்கள் வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்றும் ரப்பர் பாலில் திராவகம் கலந்து உறைய வைப்பது அவர் பொறுப்பு. இருபத்து மூன்று வயது முடிவதற்குள் தலையில் பேருக்கு ஒரு முடி இல்லை. எல்லாம் திராவகப் புகையால் வந்தது என்பார் மாமா. "எங்கப்பாவுக்கும் அதே வயசுலதான் கொட்டுச்சு. அவரு பால் ஸ்டோர் பக்கமே போனதில்ல" என்பார் அம்மா.

அந்தத் தலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உச்சியில் சப்பை, பின்பக்கம் இரண்டு புடைப்பு. அவித்த பலாக்கொட்டையை நிமிர்த்தி வைத்த மாதிரி இருக்கும். அப்போது அவருக்கு அதில் வெட்கம் உண்டு. எந்நேரமும் ஒரு துண்டைத் தலைப்பாகையாகக் கட்டியிருப்பார். அதற்கு மேல் ஒரு கறுப்புக் குடை.

மாமாவுக்கு முருகன் மேல் நம்பிக்கை அதிகம். சின்னக் கஷ்டம் வந்தாலும் உடனே நேர்ந்துகொள்வார். மற்றவர்கள் நேர்ந்துகொண்டால் காவடி, பால்குடம் என்று தங்கள் உடம்பை வருத்துவார்கள். மாமாவுக்குப் பிடித்தது மொட்டை. தன் தலையில் கொடுக்க ஒன்றுமில்லாததால் அடுத்தவர் தலையை நேர்வார்.

"சாமிக்குக் குடுக்க எங்கிட்ட என்ன இருக்கு? ஒங்ககிட்டதானே இருக்கு" என்பார்.

முதல் தலை என்னுடையது. எனக்கு ஒன்பது வயது. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. இரட்டைச் சடை, ஒவ்வொன்றும் மாட்டுக்கயிறு தடிமன். ஒரு நாள் காலை மாமாவின் புது சைக்கிளைக் காணோம். லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் தேடினார், கால்வாயில் இறங்கித் தேடினார், பக்கத்து வீட்டுக் கோழிக்கூட்டைத் திறந்துகூடப் பார்த்தாராம். கடைசியில், காலையில் ஆள் பேர் எடுக்கும் பெரட்டுக்களத்தின் நடுவில் நின்று, இரண்டு கையையும் தூக்கி, தோட்டமே கேட்கக் கத்தினார்.

"முருகா! என் சைக்கிள் கெடைச்சா தைப்பூசத்துக்கு எங்க அக்கா மக நல்லம்மாளுக்கு மொட்டை போடுறோம்!"

நான் அந்த நேரம் வகுப்பில் ஆறாம் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் வீட்டுக்கு வந்தால் சைக்கிள் கிடைத்துவிட்டிருந்தது, என் தலை போய்விட்டிருந்தது. சைக்கிள் எங்கே இருந்தது தெரியுமா? கள்ளுக்கடைக்குப் பின்னால். முந்தின நாள் சாயங்காலம் அவரே சாத்தி வைத்த இடத்தில்.

அம்மா பிடித்துக்கொண்டார். "நீயே வச்ச எடத்துல இருந்த சைக்கிளை முருகன் எங்கடா தேடிக் குடுத்தாரு?"

"நான் வச்ச எடத்தை எனக்கு ஞாபகப்படுத்துனது யாரு? அது லேசான வேலையாக்கா?"

"சரி, பொம்பளப் புள்ள. பூமுடி குடுத்துக்கலாம். மூணு இடத்துல கத்தரிச்சாப் போதும்."

"சாமிக்கு சாம்பிள் காட்டுறதுக்கு நம்ம என்ன துணிக்கடையா வச்சிருக்கோம்?"

தைப்பூசத்தன்று ஈப்போவில், குனோங் சீரோ முருகன் கோவிலடியில், சுண்ணாம்பு மலை பார்த்துக்கொண்டிருக்க என் தலை இறங்கியது. திரும்பும்போது பேருந்து முழுக்க என் அழுகைதான். மறுநாள் பள்ளிக்கூடம். நான் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். வரமாட்டேன் என்றேன். அம்மா கெஞ்சினார், பிறகு விளக்குமாற்றை எடுத்தார். அப்போது மாமா வந்தார். தலையிலிருந்த துண்டை அவிழ்த்தார், உதறினார், தோளில் போட்டார். குடையை விரித்தார்.

"வா போலாம்."

லயத்து வரிசை முழுக்கப் பையன்கள் சிரிக்கத் தயாராக நின்றார்கள். வந்தது இரண்டு மொட்டை. பெரிய மொட்டையைப் பார்த்துச் சிரிப்பதா, சின்ன மொட்டையைப் பார்த்துச் சிரிப்பதா என்று முடிவு செய்வதற்குள் நாங்கள் தாண்டிப் போய்விட்டோம்.

"பாத்தியா? ஒத்த மொட்டை போனா கேலி. ரெண்டு மொட்டை போனா ஊர்வலம்" என்றார் மாமா.

என் முடி காதை மறைக்கும்வரை தினமும் என்னோடு வந்தார். அதற்குப் பிறகு அவர் துண்டு கட்டவேயில்லை. அந்த வருடம்தான் அவருக்குப் பெண் பார்த்தார்கள். பக்கத்துத் தோட்டத்துக்கு அந்தத் தலையோடேயே போனார். பெண் அவரைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். இவரும் சிரித்தார். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்களாம். அவளை ஒரு ஆபீஸ் கிராணிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். "நல்லா சிரிக்கிற பொண்ணு" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். வேறு பெண் பார்க்க அவர் போகவில்லை. நாங்கள்தான் அவருக்குப் பிள்ளைகள், அதாவது எங்கள் தலைகள்.

என் கல்யாணத்துக்கு முந்தின நாள் பேய்மழை. பந்தல் சாய்ந்துவிட்டது. மாமா மழையில் நின்று கையைத் தூக்கினார். "முருகா! மழை விட்டா மாப்பிள்ளைக்கு மொட்டை!" மாப்பிள்ளை இராமசாமி அந்த நேரம் பாகான் செராயில், தன் வீட்டில், தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். மழை விட்டது. தாலி கட்டி மூன்றாம் நாள் மாப்பிள்ளைக்கு மொட்டை விழுந்தது. பிறகு நாங்கள் பாகான் செராய்க்குப் போய் இறங்கியபோது என் மாமியார் இவரைத் தாண்டி எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "எம்மவன் எங்கம்மா?"

அதற்குப் பிறகுதான் எங்களுக்கு மாமாவின் சட்டம் விளங்கியது. அந்த இடத்தில் யார் இல்லையோ, அவர் தலையைத்தான் நேர்வார். ஏன் மாமா என்று கேட்டேன்.

"நேர்ல இருக்கிறவன் வேணாம்னு சொல்லிருவான்லா. சாமி காதுல போட்ட பெறகு வந்தான்னா என்ன சொல்ல முடியும்?"

இரண்டாவது சட்டம், ஒரு தலைக்கு ஒரு தடவைதான். "முருகன் ஒரே வீட்டுக் கதவை ரெண்டு வாட்டி தட்டமாட்டாரு" என்பார். அந்த மட்டுக்கும் நியாயம் உண்டு.

இது தெரிந்த பிறகு எங்கள் குடும்பத்தில் யாருக்காவது லேசாகக் காய்ச்சல் என்றால் போதும், வேலை வெட்டியைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடி வந்துவிடுவோம். பிரசவமா, பரீட்சை முடிவா, அறுவை சிகிச்சையா, ஆஸ்பத்திரி வராந்தாவில் நாங்கள்தான் கூட்டம். வராமல் இருந்தால் தலை போய்விடுமே! "ஏழாங்கட்டைக்காரங்க மாதிரி ஒத்துமையான குடும்பத்தைப் பாக்க முடியாது" என்று ஊரெல்லாம் பெயர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று, நாங்கள் ஈப்போவுக்கு வந்து, குனோங் ராபாட்டில் வரிசை வீட்டில் குடியேறிய பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

அப்படியும் ஒவ்வொருவராக மாட்டினோம். என் மகன் வண்டி ஓட்டும் பரீட்சைக்குப் போயிருந்தபோது, அதில் தேறுவதற்காகவே அவன் தலையை நேர்ந்தார். என் தம்பி மனைவி சரளா, மகள் டெங்கி காய்ச்சலில் கிடந்தபோது மருந்து வாங்கக் கீழே இறங்கினாள். ஐந்து நிமிடம். மேலே வருவதற்குள் முடிந்துவிட்டது. மொட்டை விழுந்தவர் யாரானாலும், முடி வளரும்வரை மாமா அந்தக் குடையோடு கூடவே நடப்பார். சரளாவோடு காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனார், இராமசாமியோடு பட்டறைக்குப் போனார்.

பெரியவர்களில் மாட்டாமல் தப்பியவன் ஒருவன்தான். என் தம்பி, சரளாவின் புருஷன் தர்மேந்திரன்.

அவனுக்கு முடிதான் உயிர். முன்னால் குருவிக்கூடு மாதிரி தூக்கி வாருவான். வயது அறுபதைத் தாண்டியும் குருவி பறக்கவில்லை. மாதம் ஒரு முறை சாயம். எந்தக் கஷ்டத்துக்கும் முதலில் வந்து நிற்பவன் அவன்தான். கடைசியில் போகிறவனும் அவன்தான். மாமா இருக்கும் அறையை விட்டுக் கக்கூசுக்குக்கூடப் போகமாட்டான். "தர்மாவுக்குத்தான்டா எம்மேல எவ்வளவு பாசம்" என்று மாமா சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு ஓடும். தெரிந்துதான் சிரித்தாரோ என்னவோ.

இப்போது கதைக்கு வருகிறேன், இவ்வளவு நேரம் பொறுத்தீர்களே.

தர்மேந்திரனின் மகள் ஷர்மினிக்கு வயது ஏறிக்கொண்டே போனது, வரன் அமையவில்லை. நல்ல பெண். வங்கியில் வேலை. இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. ஏனோ தட்டிக்கொண்டே போனது. அப்போது மாமாவுக்கு எண்பத்தாறு. கைப்பேசியில் குடும்பக் குழுவில் குரல் அனுப்பக் கற்றுக்கொண்டிருந்தார். ஒரே குறை, பேச்சு முடிவதற்குள் விரலை எடுத்துவிடுவார். பாதிதான் வரும்.

ஒருமுறை மட்டும் முழுதாக வந்தது. "தர்மா, சாயத்தை நிப்பாட்டுடா. பொண்ணு பாக்க வாரவங்க ஒன்னையத்தான் மாப்பிள்ளைன்னு நெனைக்கிறாங்க."

குழுவில் எல்லோரும் சிரிக்கிற பொம்மைகளாக அனுப்பினார்கள். பினாங்கிலிருந்து சம்பந்தமில்லாத ஒருவர்கூட அனுப்பினார். தர்மேந்திரன் கோபித்துக்கொண்டு குழுவை விட்டு வெளியேறினான்.

அடுத்த வாரம். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மாமா நாற்காலியில் சாய்ந்து, கைப்பேசியை வாயருகே வைத்து, குழுவுக்குப் பேசினார். "முருகா, நம்ம ஷர்மினிக்கு நல்ல எடம் அமைஞ்சா, வர்ற தைப்பூசத்துக்கு மொட்டை போடுறோம். யாருக்குன்னா..."

விரலை எடுத்துவிட்டார். அப்படியே கண்ணயர்ந்தார். யாருக்கு மாமா என்று நான் கேட்டேன். குறட்டைதான் வந்தது. காலையில் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். காலையில் கோப்பி கொண்டுபோனேன். மாமா எழுந்திருக்கவில்லை.

கொள்ளி வைக்கிறவருக்கு மொட்டை உண்டு, உங்களுக்குத் தெரியும். முறைப்படி அக்கா மகன் தர்மேந்திரன்தான் வைக்க வேண்டும். அன்றைக்கு அவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. குனிய முடியவில்லையாம். என் மகன் இரண்டாம் முறையாக மொட்டை போட்டுக் கொள்ளி வைத்தான். தர்மேந்திரன் ஓரமாக நின்று அழுதான். உண்மையான அழுகைதான். அவனைத் தப்பாக நினைக்காதீர்கள்.

மாமா போய்ச் சரியாக நாற்பது நாளில் வரன் வந்தது. தனேஷ். ஆஸ்பத்திரியில் மருந்தாளர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அம்மா தவமணி, ஓய்வுபெற்ற ஆசிரியை. உட்கார்ந்தால் முதுகு நாற்காலியில் படாது. கொண்டை வெள்ளை வெளேரென்று, ஒரு பிசிறில்லாமல் இருக்கும். பெண் பார்க்க வந்தவர் ஷர்மினியைத் திரும்பி நிற்கச் சொல்லிப் பார்த்தார்.

"பிள்ளைக்கு நல்ல நீளமான தலைமயிர்" என்றார்.

சரளாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் அந்தச் சொல்லைப் பெரியவர்கள் முன்னால் சொல்லமாட்டோம். அவர்களுக்கு அது சும்மா ஒரு சொல். "எங்கட அம்மம்மாவின்ர சடைநாகம் இருக்குது. கலியாணத்தண்டைக்கு அதைத்தான் பின்னலில வைச்சுக் கட்டவேணும். மூண்டு தலைமுறையா எங்கட வீட்டு மருமக்கள் எல்லாரும் வைச்சது."

எல்லோருக்கும் சந்தோஷம். தைப்பூசம் முடிந்து இரண்டாவது ஞாயிறு கல்யாணம் என்று முடிவானது. தேதி குறித்துவிட்டு அவர்கள் காடியில் ஏறிப் போன பிறகுதான், கையைக் கழுவிக்கொண்டிருந்த இராமசாமி சொன்னார். அவர் அதிகம் பேசமாட்டார், பேசினால் இப்படித்தான்.

"நல்ல எடம் அமைஞ்சிருச்சு. அப்ப மொட்டை?"

நான் என் கைப்பேசியில் மாமாவின் குரலை எடுத்தேன். அதற்குள் தர்மேந்திரன் காதைப் பொத்திக்கொண்டான். "நான் கேக்கமாட்டேன். நான் குரூப்புல இல்ல."

"நேர்த்தி தீரலன்னா மாமாவுக்குத்தான் நிம்மதி கெடைக்காது" என்றேன். "என் தலையைத் தாரேன்னா அதுவும் செல்லாது. நான் ஏற்கெனவே குடுத்தவ, பக்கத்துலயும் இருந்தவ."

"எனக்கு நேந்தாலும் கெடைக்காது" என்று இராமசாமி தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். என் மகன் இரண்டு முறை கொடுத்தவன். சரளா கொடுத்தவள். குடும்பத்தில் கத்தி படாத தலை இரண்டுதான் மிச்சம். ஒன்று தர்மேந்திரன். இன்னொன்று கல்யாணப் பெண்.

"மாமா பேசுறப்ப குரூப்புல யாரு இல்ல?" என்று கேட்டார் இராமசாமி.

"மச்சான், நான்தான் வெளிய வந்துட்டேனே! குரூப்புல சொன்னது என்னைக் கட்டுப்படுத்தாது."

"வெளிய போனதாலதான் மச்சான் மாட்டிக்கிட்ட."

"பொண்ணோட அப்பா மேடையில மொட்டையோட நிக்கிறதா? போட்டோ எல்லாம் என்னாவும்?"

"பொண்ணு மொட்டையோட நின்னா போட்டோ நல்லா இருக்குமா?" என்றாள் சரளா.

அதுவரை பேசாமல் இருந்த ஷர்மினி எழுந்தாள். "போதும்ப்பா. சண்டை போடாதீங்க. நான் போடுறேன்."

"அலாமாக்! என்னடி சொல்ற?" என்றாள் சரளா.

"எனக்காக நேந்தது. மொட்டைத் தாத்தா உயிரோட இருந்தா சாமிகிட்டப் பேசி மாத்திக்குவாரு. இப்ப அவரால மாத்த முடியாதுல்ல? அவரு வாக்கு பொய்யாப் போகக்கூடாது. தனேஷ்கிட்ட சொல்லிட்டேன். முடிதானே, வளரும்னு சொல்றாரு."

"அவங்கம்மாகிட்ட?"

"அதை மட்டும் இன்னும் சொல்லல."

சரளா அழ ஆரம்பித்தாள். சடைநாகத்தை மொட்டைத் தலையில் எதைக்கொண்டு ஒட்டுவது என்பது அவள் கவலை. தர்மேந்திரன் மோட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டான். தைப்பூசம்வரை எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. நான் அழைத்தேன். முதுகு வலிக்கிறது என்றான்.

தைப்பூசத்தன்று காலையிலேயே குனோங் சீரோ அடிவாரத்தில் இருந்தோம். நான், இராமசாமி, சரளா, ஷர்மினி. இராமசாமி மாமாவின் கறுப்புக் குடையை எடுத்து வந்திருந்தார். மொட்டைக்கு வெயில் ஆகாது என்று அவருக்குத் தெரியும். தர்மேந்திரன் இல்லை. போதாக்குறைக்குத் தவமணி டீச்சர் வந்து நின்றார். சம்பந்தி வீட்டார் கோவிலுக்கு வருகிறார்கள் என்று மகன் சொல்லியிருக்கிறான். ஏன் வருகிறார்கள் என்று சொல்லவில்லை.

"எல்லாருக்கும் என்ன முகம் இப்பிடி இருக்குது? விரதமோ?"

"ஆமாங்க, விரதம்" என்றாள் சரளா. வேறென்ன சொல்வாள்?

மொட்டை போடுகிற கொட்டகையில் வரிசையாக முக்காலிகள். ஷர்மினி சீட்டு வாங்கிவிட்டாள். டீச்சர் சாமி கும்பிட மேலே போகட்டும் என்று நாங்கள் காத்திருந்தோம். அவரோ எங்களை விட்டு நகரவில்லை. எங்கள் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஷர்மினி போய் முக்காலியில் உட்கார்ந்து, பின்னலை முன்னால் எடுத்துப்போட்டு, அவிழ்க்க ஆரம்பித்தாள். டீச்சர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"பிள்ளை, உதில ஏன் இருக்கிறாய்?"

சரளா என் கையைப் பிடித்தாள். நாவிதர் தண்ணீரைக் கையில் எடுத்துவிட்டார். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"ஏந்திரிம்மா."

குரல் பின்னாலிருந்து வந்தது. தர்மேந்திரன். தலையில் மோட்டோ ஹெல்மெட். மோட்டோவை விட்ட இடத்திலிருந்தே ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது.

"அப்பா, முதுகுவலின்னீங்க?"

"முதுகு கெடக்கட்டும். ஏந்திரி."

ஹெல்மெட்டைக் கழற்றினான். குருவிக்கூடு நசுங்கிக் கிடந்தது. வழக்கமாக அதைச் சரிசெய்ய உடனே கை போகும். அன்று போகவில்லை. மகளை எழுப்பிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தான். நாவிதர் தலையில் தண்ணீரைத் தெளித்தார். அப்போது என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டான்.

"அக்கா... மாமா பேசுனதைப் போடு. நான் இன்னும் கேக்கல."

அவன் காதில் கைப்பேசியை வைத்தேன். மாமாவின் குரல். "முருகா, நம்ம ஷர்மினிக்கு நல்ல எடம் அமைஞ்சா..." யாருக்குன்னா என்று வந்து நின்றது. தர்மேந்திரன் கண்ணை மூடிக்கொண்டான்.

"எனக்குத்தான் மாமா" என்றான். "வேற யாருக்கு?"

தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. "அண்ணே, ஆடாதீங்கண்ணே. கத்தி பட்டுடும்" என்றார் நாவிதர்.

சாயம் போட்ட முடி கறுப்பாக விழுந்தது. அடியில் வெள்ளையாக விழுந்தது. நடு உச்சியில் விழுவதற்கு ஒன்றுமே இல்லை! இத்தனை வருடமும் அவன் தூக்கி வாரியது அந்தப் பொட்டலை மறைக்கத்தான் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. நாவிதர் முடித்து, துண்டால் துடைத்து, விலகி நின்றார்.

நாங்கள் எல்லோரும் ஒரு அடி கிட்டே போனோம்.

உச்சியில் சப்பை. பின்பக்கம் இரண்டு புடைப்பு. அவித்த பலாக்கொட்டை. அங்கே உட்கார்ந்திருந்தது எங்கள் சன்னாசி மாமா.

சரளா தன்னையறியாமல் சேலைத்தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். ஷர்மினி வாயைப் பொத்திக்கொண்டு, "மொட்டைத் தாத்தா" என்றாள். எனக்கு எழுபத்து மூன்று வயதில் ஒன்பது வயதுக்காரியின் அழுகை வந்தது. சந்தனத்தைக் குழைத்து அந்தத் தலையில் நானே பூசினேன். புடைப்பு இரண்டும் என் உள்ளங்கையில் பட்டது.

"எப்டி இருக்குக்கா?" என்று கேட்டான். தடவிப் பார்க்கப் பயம் அவனுக்கு.

"ரொம்ப நல்லா இருக்குடா."

தவமணி டீச்சர் ஷர்மினியிடம் கேட்டு முழுவதையும் தெரிந்துகொண்டார். கோபிப்பாரோ என்று பார்த்தேன். "வாக்கெண்டால் வாக்குத்தானே. தகப்பனெண்டால் இப்பிடித்தான் இருக்கவேணும்" என்றார். பிறகு என் பக்கம் குனிந்து, "உங்கட மாமா நல்ல பகிடியான மனுசன் போல. நான் ஒருக்காவெண்டாலும் பாத்திருக்கலாம்" என்றார். "பாத்துக்கிட்டுத்தான் இருக்கீங்க" என்றேன். "நான் எல்லாருக்கும் குடிக்க ஏதும் வாங்கியாறன்" என்று தண்ணீர்ப்பந்தல் பக்கம் போனார்.

நாங்கள் வெயிலில் இறங்கினோம். தர்மேந்திரன் இரண்டு அடி வைத்துவிட்டு நின்றான். கூட்டம் பார்க்கிறதே என்று கூசினான் பாவம். இராமசாமி குடையை விரித்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றார். ஒரு வழுக்கை, ஒரு மொட்டை.

"வா மச்சான், போலாம்."

இரண்டு தலையும் குடைக்குக் கீழே ஆடி ஆடி முன்னால் போயின. நாங்கள் பின்னால் போனோம். ஊர்வலம்தான்.

சாலையோரம் வந்ததும் தர்மேந்திரன் அங்குமிங்கும் திரும்பினான். "என் மோட்டோ எங்க?"

"எங்க வச்ச?"

"இங்கதான்... இல்ல, அந்த மரத்துகிட்ட. ஐயோ, அவசரத்துல எங்க போட்டேன்னு தெரியலையே!"

கண்ணுக்கெட்டிய தூரம்வரை மோட்டோக்கள். இவன் இங்கே ஓடினான், அங்கே ஓடினான். ஒரு பனிக்கூழ் வண்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்தான். கடைசியில் நடுச்சாலையில் நின்றான். சந்தனம் பூசிய தலை வெயிலில் மின்னியது. அவனுடைய இரண்டு கையும் மேலே எழுந்தன.

"முருகா! என் மோட்டோ கெடைச்சா அடுத்த தைப்பூசத்துக்கு மொட்டை போடுறோம்!"

சொல்லிவிட்டு அவனே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். ஆனால் சாமி காதில் போய்விட்டதே! சரளா என்னைப் பார்த்தாள். நான் ஷர்மினியைப் பார்த்தேன். ஷர்மினி அப்பாவின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "நான் இங்கதான் இருக்கேன்! இங்கதான் இருக்கேன்!" என்றாள்.

இராமசாமி குடைக்கம்பால் சுட்டிக் காட்டினார். தர்மேந்திரனின் முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில், அவன் வைத்த இடத்திலேயே மோட்டோ நின்றது.

"கெடைச்சிருச்சு" என்றார்.

அப்படியானால் இங்கே யார் இல்லை? நாங்கள் எல்லோரும் ஒன்றாகத் திரும்பினோம். தண்ணீர்ப்பந்தலிலிருந்து தவமணி டீச்சர் வந்துகொண்டிருந்தார். ஒரு தட்டு நிறையச் சிவப்புச் சிராப் தண்ணீர். ஒரு பிசிறில்லாத அந்த வெள்ளைக் கொண்டை வெயிலில் பளபளத்தது. எங்களருகே வந்து நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"என்ன, எல்லாரும் என்ர தலையையே பாத்து முழுசுறீங்கள்?"

இராமசாமி மெதுவாக நகர்ந்து, குடையை அவர் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார்.